‘வு’ இல்லாத ஊதா

நிலாவுக்கு நிலவு உண்டு. கனாவுக்குக் கனவு, விழாவுக்கு விழவு, புறாவுக்குப் புறவு, சுறாவுக்குச் சுறவு, பலாவுக்குப் பலவு. ‘ஆ’வில் முடியும் பழந்தமிழ்ப் பெயர்கள் பலவும் இப்படி ‘வு’வில் முடியும் உடன்பிறப்போடு நடமாடுகின்றன. ஊதாவுக்கு மட்டும் யாருமில்லை. ‘ஊதவு’ என்றொரு சொல்லை எந்தப் பாட்டிலும் எந்தத் திண்ணைப் பேச்சிலும் நான் கேட்டதில்லை.

இன்னொரு சோதனையும் வைக்கலாம். நம் பழைய நிறச்சொற்கள் உடம்பு வளைபவை. செம்மை செந்தாமரையில் ஒட்டும், கருமை கருங்குவளையில், பசுமை பைங்கிளியில், வெண்மை வெண்சங்கில். ஊதா வளையாது. பூவோடு சேர்ந்தாலும் முழு உடம்போடுதான் சேரும்: ஊதாப்பூ. ‘மை’ விகுதியைக் கொடுத்துப் பார்த்தால் ‘ஊதாமை’ என்று வரும். அது நாகஸ்வரத்தைக் கீழே வைத்துவிட்ட வித்வானின் நிலைமை, நிறமல்ல. அகராதியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ‘ஊதை’ என்ற வாடைக்காற்றோடும் இதற்கு உறவில்லை.

ஆக, ஊதா வெளியூர்க்காரர். ஊர் எது என்று தேட ரொம்பத் தூரம் போகவும் வேண்டாம். தெலுங்கில் இதே சொல் இருக்கிறது. ‘த’வைக் கொஞ்சம் மென்மையாகச் சொல்வார்கள். கன்னடத்திலும் உண்டு. மலையாளத்தில் வாலைச் சுருக்கிக்கொண்டு ‘ஊத’ என்று நிற்கிறது. எல்லாரும் ஒரே கடையில் வாங்கிய சரக்கு: உருதுவும் இந்துஸ்தானியும் சொல்லும் ‘ஊதா’. மழை கட்டிக்கொண்டு வரும் கருமேகத்துக்கு உருதுக் கவிஞர்கள் அடிக்கடி கொடுக்கிற நிறம் இதுதான். 1935-இல் வந்த இக்பாலின் ‘பாலே ஜிப்ரீல்’ தொகுப்பில் காட்டுப்பூக்களின் உடைகளைச் சொல்லும் ஒரு கஜலில் நீலமும் மஞ்சளும் நிற்கும் வரிசையில் ஊதாவும் தனியே நிற்கிறது. அங்கே நீலம் வேறு, ஊதா வேறு என்பதில் குழப்பமில்லை.

உருதுவுக்கு அது எங்கிருந்து வந்தது? இந்தி அகராதிக்காரர்கள் இரண்டு ஊகங்களை வைத்திருக்கிறார்கள். ஒன்று, பாரசீகத்தில் நீலத்தைக் குறிக்கும் ‘கபூத்’. மற்றது, அகிற்கட்டையைக் குறிக்கும் அரபுச் சொல் ‘ஊத்’. இரண்டாவது ஊகம் கேட்பதற்கு மணமாக இருக்கிறது. நாம் கொளுத்தும் ஊதுபத்தியில் இருப்பதும் அதே ‘ஊத்’தான், வாயால் ஊதுவதற்கும் அந்தப் பத்திக்கும் சம்பந்தமில்லை. அப்படியென்றால் ஊதாவும் ஊதுபத்தியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா? எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. உருதுக்காரர்கள் அகிற்கட்டையை ‘ஐன்’ எழுத்தில் தொடங்கி எழுதுகிறார்கள். நிறத்தை ‘அலிஃப்’ போட்டு. எழுத்து மாறியதாலேயே உறவு அறுந்துவிடாது என்பார்கள். இருக்கட்டும். தமிழுக்கு வரும்போது இந்தச் சொல்லின் கையில் கட்டையும் இல்லை, பூவும் இல்லை, வெறும் நிறம் மட்டும் இருந்தது. பின்னால் இதுதான் அதன் பெரிய பலமாகப் போகிறது.

எந்த வாசல் வழியாக நுழைந்தது என்றால், துணிக்கடை வாசல் என்றே நினைக்கிறேன். சால்வை, ஜரிகை, துப்பட்டா, லுங்கி எல்லாம் அந்த வழியில் வந்தவை. ‘காக்கி’யும் அப்படித்தான், பாரசீகத்தில் புழுதிக்குக் ‘காக்’ என்று பெயர், காக்கி என்றால் புழுதி நிறம். போலீஸ்காரரைப் பார்த்து யாரும் புழுதியை நினைப்பதில்லை.

வந்த சொல் வந்த இடத்தில் ஒழுங்காக நின்றதா என்றால் அதுவும் இல்லை. தென்மாவட்டத்துக்காரரான என் பாட்டிக்கு வானம் ஊதா, பேனா மை ஊதா, எனக்குத் தைத்த பள்ளிக்கூட டிராயர் ஊதா. நாம் நீலம் என்பதெல்லாம் அவளுக்கு ஊதாதான். ‘அந்த ஊதாச் சீலைய எடுல’ என்பாள். நான் நீலச் சேலையை எடுத்துக் கொடுக்கவேண்டும். அப்போது நீலம் என்றால் என்ன என்று கேட்டால், அது வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம். அவளைப் பொறுத்தவரை நீலம் என்பது ஒரு பொருள், ஊதா என்பதுதான் நிறம். பள்ளிக்கூடத்தில் வானவில் பாடம் படித்துவிட்டு வந்து அவளைத் திருத்தப் பார்த்தேன். ‘நீ சொல்லுதது கத்தரிப்பூக் கலரு’ என்று முடித்துவிட்டாள். அன்று அவள் என்னைவிடச் சரியாகவே பேசினாள் என்பது புரிய முப்பது வருஷம் ஆயிற்று.

ஊதா வருவதற்கு முன் தமிழர் கண்ணில் இந்த நிறம் படவில்லையா? படாமல் என்ன. குறிஞ்சி பூத்தால் மலையே அந்த நிறம்தான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் காயாவும் உண்டு, கருவிளையும் உண்டு. நாம் சங்குப்பூ என்று சொல்லும் கொடியில் வெள்ளையாகப் பூப்பது செருவிளை, நீலமும் ஊதாவும் கலந்து பூப்பது கருவிளை. அந்தப் பூவை வைத்துக்கொண்டு ‘கரு’ என்று பெயரிட்டவர்களுக்குக் கண் மங்கல் இல்லை. கருமை என்ற சொல் அப்போது பெரிய வீடு. ஆழமான நிறம் எல்லாவற்றுக்கும் அதில் ஓர் அறை இருந்தது. இன்னும் நுட்பமாகச் சொல்லவேண்டுமென்றால் பூவின் பெயரையே எடுத்தார்கள். திருமால் காயாம்பூ வண்ணன் ஆனது அப்படித்தான். காயா பூத்த கிளையை மயிலின் கழுத்தோடு வைத்துப் பார்க்கும் பாட்டு குறுந்தொகையில் இருக்கிறது. இன்றைக்கும் பட்டுக்கடையில் ‘மயில்கழுத்து’ கேட்டால் எடுத்துப் போடுகிறார்கள்.

வடமொழி வேறு வழியில் போனது. இரண்டு நிறங்களை ஒட்டவைத்து நீலலோகிதம் என்றது: நீலமும் சிவப்பும். சிவனுக்கு நீலலோகிதன் என்று ஒரு பெயர் உண்டு. இந்தக் கூட்டல் கணக்கு சாயக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அவுரி நீலத்தில் முக்கிய துணியின்மேல் சாயவேர்ச் சிவப்பை ஏற்றினால் கிடைப்பது இந்த நிறம்.

மற்ற மொழிகளைச் சுற்றிப் பார்த்தால், இந்த நிறத்துக்குப் பெயர் வைக்கும்போது எல்லாரும் தோட்டத்துக்கோ கடற்கரைக்கோ ஓடியிருப்பது தெரியும். ஆங்கில ‘வயலட்’ ஒரு சின்னப் பூ. லத்தீனில் ‘வியோலா’, பிரெஞ்சு வழியாக வந்தது. பாரசீகத்துக்கும் அதே பூதான், அங்கே பெயர் ‘பனஃப்ஷ்’. கிரேக்கத்தில் அந்தப் பூ ‘இயான்’. 1811-இல் கடற்பாசிச் சாம்பலைக் காய்ச்சிக்கொண்டிருந்த பெர்னார் குர்த்துவாவுக்கு முன்னால் ஊதாப் புகையாக எழுந்த தனிமத்துக்கு அதிலிருந்தே பெயர் வைத்தார்கள். நம் வீட்டு உப்புப் பொட்டலத்தில் அச்சடித்திருக்கும் அயோடின் என்ற சொல்லுக்கு ‘ஊதா நிறத்தது’ என்றுதான் பொருள்.

‘பர்ப்பிள்’ பூவல்ல, நத்தை. கிரேக்கர் ‘போர்ஃபுரா’ என்று சொன்ன கடல்நத்தை, லத்தீனில் ‘புர்புரா’. ராஜாக்கள் மட்டும் உடுத்திய சாயம் அது. ஏன் மற்றவர்களால் முடியவில்லை என்பதை 1909-இல் வேதியியலாளர் பால் ஃப்ரீட்லேண்டர் காட்டினார்: 12,000 நத்தைகளை உடைத்து அவருக்குக் கிடைத்தது 1.4 கிராம் சாயம். ஒரு சிட்டிகை. ‘மாவ்’ மறுபடியும் பூ. பிரெஞ்சில் மால்வா பூவின் பெயர், நம் வெண்டைக்கும் பருத்திக்கும் பங்காளி. 1856-இல் லண்டனில் 18 வயதுப் பையன் வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கான குவினைனை வீட்டில் செய்யப் பார்த்து, கறுப்புக் கசடு ஒன்றைத்தான் பெற்றான். அதைக் கழுவினால் ஊதாச் சாயம். முதலில் தன் சாயத்துக்கு அந்த ராஜ நத்தையின் பெயரையே வைத்தான். பூவின் பெயர் பிறகு ஒட்டியது. 1858-இல் விக்டோரியா ராணி மகள் கல்யாணத்துக்கு அந்த நிறத்தில் உடுத்திக்கொண்டு வந்தார். அதோடு நத்தைகளுக்கு விடுதலை.

அந்த வேதியியல் வீட்டுக்குள் வந்தபோது எனக்கு ஏழெட்டு வயது. வாய்ப்புண்ணுக்கு ஆஸ்பத்திரியில் பஞ்சால் தொட்டுத் தடவிய ஜென்ஷன் வயலட். இரண்டு நாளைக்கு உதடு நாவல்பழம் தின்றதுபோல இருக்கும். ஜென்ஷன் ஒரு மலைப்பூ; கியோர்க் கிரூப்லர் என்ற ஜெர்மன் மருந்தாளர் இந்தப் பெயரைக் கொடுத்ததாகக் கருதுகிறார்கள். மருந்துக்குள் அந்தப் பூவின் ஓர் இதழ்கூடக் கிடையாது. அலுவலக ரப்பர் ஸ்டாம்பு மையும் இதே சாயக் குடும்பத்து ஊதாதான். ஓட்டுப்போட்டதும் விரலில் வைக்கிற மையும் வைக்கிற நிமிஷத்தில் ஊதா. ஆனால் அது கறுப்பது வேறு காரணத்தால், அதிலுள்ள வெள்ளி நைட்ரேட் வெளிச்சம் பட்டுக் கறுக்கிறது. 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரில் செய்கிறார்கள்.

இந்தியாவுக்குள் வாருங்கள். இந்திக்காரர்கள் இன்று இந்த நிறத்தைப் ‘பைங்கனி’ என்கிறார்கள், அதாவது கத்தரிக்காய் நிறம். அல்லது ‘ஜாமுனி’, நாவல்பழ நிறம். தங்கள் வீட்டு ‘ஊதா’வை அவர்கள் பெரும்பாலும் பழைய கவிதைகளோடு பரணில் ஏற்றிவிட்டார்கள். கன்னடத்தில் ‘நேரளே’, அதுவும் நாவல்பழம். 2011 அக்டோபரில் பெங்களூரில் ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ வழித்தடம் கன்னடத்தில் ‘நேரளே மார்க’. சென்னையில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போடும் வழித்தடத்துக்கும் அதே நிறம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் பத்திரிகைகள் அதை நாவல் என்றா எழுதுகின்றன? ஊதா. கொடுத்த வீட்டில் கிழிந்துபோன சட்டை, வாங்கிய வீட்டில் தினமும் உடுத்துகிற சட்டையாக இருக்கிறது.

நமக்கும் காய்கறி இல்லாமலில்லை. இந்திக்காரர் கத்தரிக்காயின் தோலைப் பார்த்தார், நாம் அதன் பூவைப் பார்த்தோம். கத்தரிப்பூ நிறம் வெளிறிய ஊதா. அடர்ந்ததற்கு வாடாமல்லி இருக்கிறது. (அந்தப் பூவும் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தேறியதுதான், யாரும் அதைக் கேட்பதில்லை.) தனித்தமிழ் அன்பர்கள் ‘செந்நீலம்’ என்று ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். நல்ல சொல்தான், நீலலோகிதத்தின் அதே கணக்கு. இவ்வளவு பேர் வரிசையில் நிற்க, வெளியூர் ஊதா எப்படி நாற்காலியைப் பிடித்தது?

1969-இல் பிரென்ட் பெர்லின், பால் கே என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உலக மொழிகளின் நிறச்சொற்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அடிப்படை நிறச்சொல் என்று ஒன்றை ஒப்புக்கொள்ள அவர்கள் வைத்த அளவுகோல்களில் ஒன்று: அந்தச் சொல் அந்த நிறமுள்ள ஒரு பொருளின் பெயராகவும் இருந்தால் சந்தேகப்படு. இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் கத்தரிப்பூ விழும், வாடாமல்லி விழும், நாவல் விழும். ஊதா நிற்கும். தமிழ்க் காதுக்கு ஊதா என்றால் பூவும் தெரியாது, பழமும் தெரியாது, நத்தையும் தெரியாது. வேர் தெரியாத சொல் என்பதால்தான் அது முழுநிறமாகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவரிடம் ஊர்ச்சண்டைகளுக்குப் பஞ்சாயத்துக் கேட்பதுபோல.

அறிவியல் தமிழ் இதை உடனே பிடித்துக்கொண்டது. ஊதாவுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கதிர் உண்டென்று யோஹன் ரிட்டர் 1801-இல் வெள்ளி உப்பைக் கறுக்கவைத்துக் கண்டுபிடித்தார். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது புற ஊதா. இலங்கைப் பாடநூல்களில் கழியூதா. ‘கழி’ மிகுதியைச் சொல்லும் பழைய உரிச்சொல், நன்னூலார் அந்த வரிசையில் வைத்தது. என் ஓட்டு கழியூதாவுக்கே. ‘புற’ வெறுமனே வெளியே நிற்கிறது, ‘கழி’ மிஞ்சிப் போகிறது. எதுவானாலும், உருதுவின் பிள்ளைக்குத் தமிழ் முன்னொட்டு கட்டிக் குடும்பமாக்கியாயிற்று. புறக் கத்தரிப்பூக் கதிர் என்று யாராவது மூக்குக்கண்ணாடிக் கடையில் கேட்டுப் பார்க்கட்டும்.

இந்த அறிவியலில்தான் பாட்டி சொன்னதன் நியாயம் ஒளிந்திருக்கிறது. வானவில்லின் ஓரத்து ஊதா ஒற்றை ஒளி. அலைநீளம் சுமார் 380 முதல் 450 நானோமீட்டர். கத்தரிப்பூவும் வாடாமல்லியும் அப்படியல்ல, சிவப்பும் நீலமும் சேர்ந்து கண்ணுக்குள் உண்டாக்கும் நிறம். அதற்கு வானவில்லில் இடமே இல்லை. ஆங்கிலத்தில் முதலாவது வயலட், இரண்டாவது பர்ப்பிள். தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிட்டது.

ஆனால் ஆங்கிலம் தன் வேறுபாட்டைத் தானே காப்பாற்றவில்லை. கணினித் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றே விளக்குகள். வானவில்லின் ஊதாவை அதனால் உண்டாக்கவே முடியாது. சிவப்பையும் நீலத்தையும் கலந்து சமாளிக்கும். 1984-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய எக்ஸ் விண்டோ அமைப்போடு ஒரு நிறப்பெயர்ப் பட்டியல் வளர்ந்தது, அதை இணையம் எடுத்துக்கொண்டது. அதில் ‘டார்க் வயலட்’ என்பது சிவப்பு 148, பச்சை 0, நீலம் 211. பெயர் வயலட், செய்முறை பர்ப்பிள். அதே பட்டியலில் வெறும் ‘வயலட்’ கேட்டால் 238, 130, 238 வரும். அது ஏறக்குறைய ரோஸ். ‘இண்டிகோ’ கேட்டால் நம் அவுரி வராது, இன்னும் கறுத்த ஓர் ஊதா வரும். அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால், வயலட்டையும் பர்ப்பிளையும் ‘அடர் ஊதா’ என்று சொல்லிவிட்டுப் போகும் தமிழ் வடிவமைப்பாளர் பொய் சொல்வதில்லை.

அந்த 148, 0, 211-ஐ நம்பி நான் ஒருமுறை கெட்டேன். வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குத் திரையில் இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். மயில் தோகை விரித்ததுபோல ஜொலித்தது. அச்சாகி வந்த கட்டைப் பிரித்தால் வதங்கின கத்தரிக்காய். அச்சகக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக விளக்கினார்: சயான், மஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் எட்ட முடியாத நிறங்களில் இது ஒன்று. விளக்கு காட்டுவதை மை காட்டாது. அதே நிறம் வேண்டுமென்றால் தனி மை கலக்கவேண்டும், தனியாக ஒரு ஓட்டு ஓட்டவேண்டும், தனியாகப் பணமும். சயானைவிட மஜந்தாவைக் கொஞ்சம் ஏற்றினால் ஊதா, இறக்கினால் நீலம். மெஷினில் ஒரு நூல் பிசகினாலும் பாட்டியின் ஊதாவுக்கும் என் ஊதாவுக்கும் நடுவில் எங்காவது விழும்.

பட்டில் அந்தக் கவலை இல்லை. வாடாமல்லி உடம்புக்கு மாம்பழ மஞ்சள் கரை போட்டு நெய்கிறவருக்கு நிறச்சக்கரத்தை யாரும் காட்டியதில்லை. ஊதாவுக்கு நேர் எதிரே மஞ்சள் உட்கார்ந்திருக்கிறது என்பது கைக்குத் தெரியும். ஊதா தனியாக நின்றால் இருட்டு. அதனால்தான் தவக்காலத்தில் கத்தோலிக்கக் குருக்கள் ஊதா உடை உடுத்தும்போது கோயில் முழுக்க ஓர் அடக்கம் வந்துவிடுகிறது. அதே ஊதாவில் சரிகை ஒரு கோடு ஓடினால் கல்யாண வீடு.

கடைசியாக ஒரு வழக்கு. காட்பரி நிறுவனம் தன் சாக்லேட் உறையின் ஊதாவை, பான்டோன் 2685சி என்று எண் குறித்து, வணிகச் சின்னமாகப் பதிவுசெய்ய 2004-இல் பிரிட்டனில் விண்ணப்பித்தது. நெஸ்லே எதிர்த்தது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காட்பரியின் பதிவைத் தள்ளியது. நிறத்தில் குறை காணவில்லை. உறையில் இந்த நிறம் ‘பெரும்பான்மையாக’ இருக்கும் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்த வாக்கியம் தெளிவில்லை என்றது. எண் சரியாக இருந்தது, சொல் காலைவாரிவிட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர் யாராவது இருந்தால், ‘ஊதா’ என்று சொல்லி வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நீலத்தைக் காட்டுகிறாரா, கத்தரிப்பூவைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். திருத்தாதீர்கள். பொருளையும் அவர் பிறந்த ஊரையும் மட்டும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இந்தச் சொல் எந்த ஊர்வரை நீலமாக இருந்தது என்று சொல்ல வேறு ஆவணம் கிடையாது.